லேசர் இம்ப்ளான்ட் என்றால் எந்த லேசர்?

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ராகிக் களிக்குப் பல் தேவையில்லை, உருட்டி விழுங்கிவிடலாம். கறியும் வேர்க்கடலையும்தான் பிரச்சினை. ஒரே பக்கமாக மென்று மென்று அந்தப் பக்கத் தாடையும் வலிக்க ஆரம்பித்ததும், சரி, இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூவை இறக்கி, அதன் மேல் செயற்கைப் பல் பொருத்துவது) வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். தருமபுரியில் ஒரு கிளினிக்கில் விசாரித்தபோது மூன்று விலை சொன்னார்கள். சாதாரணம், அதைவிட நல்லது, கடைசியாக ‘லேசர்’. லேசரின் விலை சாதாரணத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

“லேசர்னா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“லேசர் ட்ரீட்மென்ட் பண்ணது சார். எலும்போட சீக்கிரம் ஒட்டிக்கும்” என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். எதில் லேசர், எங்கே, எப்போது என்று கேட்டதற்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். டாக்டர் அவசரத்தில் இருந்தார். “பெஸ்ட் குவாலிட்டி” என்பதோடு முடித்துக்கொண்டார்.

எனக்கு ஓசூரில் லேசர் மார்க்கிங் வேலை. சிப்காட்டைச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு வண்டி உதிரிபாகங்களில் பார்ட் நம்பரும் கியூஆர் கோடும் அடித்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். நாள் முழுக்க 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் வெறுமனே ‘லேசர்’ என்று சொன்னால் அலைநீளம் என்ன, பவர் எவ்வளவு, எந்தப் பரப்பில் என்றுதான் அடுத்த கேள்வி வரும். அப்படிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும், அம்மாவுக்கு இம்ப்ளான்ட் வைத்தபோது பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் பல் டாக்டர் இல்லை. உலோகத்தின் பக்கத்திலிருந்து இந்த விஷயத்துக்குள் நுழைந்தவன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல் இம்ப்ளான்ட் சமாச்சாரத்தில் லேசர் பல இடங்களில் வரும். டைட்டானியம் ஸ்க்ரூவின் மேற்பரப்பில் தொழிற்சாலையிலேயே லேசரால் நுண்ணிய வரிகள் போடுவது ஒன்று. எலும்போ ஈறோ நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது இதுதான். கிளினிக்கில் கத்திக்குப் பதிலாக டயோடு லேசரால் ஈறைத் திறப்பது இன்னொன்று. இதற்கும் எலும்பு ஒட்டுவதற்கும் சம்பந்தமில்லை. டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டும் முப்பரிமாண அச்சு வேறு. இவை தவிர எங்கள் தொழிலும் அங்கே இருக்கிறது: எலும்பில் துளை போடும் ட்ரில் பிட்டுகளில் ஆழம் காட்டும் கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் லேசர் மார்க்கிங்தான். விலைச் சீட்டில் எல்லாமே ஒரே வார்த்தை. ஈறை வெட்டும் லேசரைக் காட்டி, மேற்பரப்பு லேசருக்கான விலையை வாங்கினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பதே தற்செயலாகத் தெரியவந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் 1952 வாக்கில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கூட்டைக் கழற்றப்போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965இல் முதல் மனித நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவை வாயில் இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலும்பு நேரடியாக டைட்டானியத்தைத் தொடுவதே இல்லை. காற்றுப் பட்ட உடனேயே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். உடம்பு பார்ப்பது அந்தப் படலத்தைத்தான். துருப்பிடிக்காமல் இருப்பதும் உடம்பு ஒதுக்காமல் இருப்பதும் அதனால்தான். ஆக, மேற்பரப்பில் என்ன செய்தாலும் நாம் விளையாடுவது அந்தப் படலத்தோடும் அதன் கீழே உள்ள மேடு பள்ளத்தோடும்.

ஆரம்பகால ஸ்க்ரூக்கள் லேத்தில் கடைந்த வழவழப்பான பரப்போடு இருந்தன. அவையும் பிடித்தன, ஆனால் கீழ்த்தாடையில் மூன்று நான்கு மாதமும் மேல்தாடையில் ஆறு மாதம் வரையும் காத்திருக்க வேண்டும். அப்புறம் பரப்பைச் சொரசொரப்பாக்கினால் எலும்பு சீக்கிரமாகவும் கூடுதலாகவும் பிடிக்கிறது என்று தெரிந்தது. ரொம்பச் சொரசொரப்பும் ஆகாது. சராசரி மேடு பள்ளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்) வரை இருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இன்று சந்தையில் அதிகம் விற்பது அலுமினா மணலை அடித்துப் பிறகு ஆசிட்டில் அரித்த பரப்பு. எலும்பு நன்றாக இருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மேலே பல் பொருத்தும் அளவுக்குக் காத்திருப்பைக் குறைத்தது இந்தப் பரப்புதான். லேசர் வந்துதான் இது நடந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் லேசருக்கு என்ன வேலை? மணலடிப்பில் அலுமினாத் துகள்கள் பரப்பில் பதிந்து நிற்கலாம். லேசரில் தொடுவதற்கு எதுவும் இல்லை, மிச்சம் விட மணலும் இல்லை. மணல் எங்கே படும் என்று சொல்ல முடியாது. லேசர் புரோகிராமில் போட்ட இடத்தில், போட்ட ஆழத்தில், ஆயிரம் பீஸ் ஓட்டினாலும் ஒரே மாதிரி விழும். ஸ்க்ரூவின் மரைக்கு ஒரு வகை, கழுத்துக்கு வேறு வகை என்று பிரித்துப் போடலாம். இது முக்கியம். ஏனென்றால் எலும்புக்குள் இருக்கும் பாகம் சொரசொரப்பாக இருப்பது நல்லது, ஈறுக்கு மேலே வாய்க்குள் தெரியும் பாகம் அப்படி இருந்தால் கிருமிப் படலம் ஏறிக்கொண்டு இறங்காது. பயோஹொரைசன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் லேசர்-லாக் வகையில் கழுத்துப் பகுதியில் சுற்றிச் சுற்றி 8 மைக்ரோமீட்டர் அளவிலான வாய்க்கால்கள் இருக்கும். எலும்பும் ஈறின் இணைப்புத் திசுவும் அங்கே பற்றி நின்று, மேலிருந்து கிருமி இறங்குவதைத் தடுக்க வேண்டும் என்பது திட்டம்.

எங்கள் கடை மெஷினால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியாது. எங்கள் லேசர் புள்ளியின் அகலமே 30, 40 மைக்ரோமீட்டர் வரும். எலும்பு கட்டும் செல் ஒன்றின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனாலும் டைட்டானியம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாமே என்று, தெரிந்த லேத் பட்டறையிலிருந்து கிரேடு 5 டைட்டானியக் கம்பியின் வெட்டுத் துண்டு ஒன்றை வாங்கி வந்தேன். முகத்தை எமரி போட்டுத் தேய்த்து, பாதியை அப்படியே விட்டு, மீதிப் பாதியில் நெருக்கமான கோடுகளாக லேசரை ஓட்டினேன்.

முதலில் நிறங்கள் வந்தன. வேகத்தையும் பவரையும் மாற்ற மாற்ற வைக்கோல் மஞ்சள், கத்தரிப்பூ ஊதா, நீலம். சாயம் எதுவும் இல்லை. ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். பவரைக் கூட்டினால் நிறம் போய்ச் சாம்பல் பள்ளம் விழுகிறது, பள்ளத்தின் ஓரத்தில் உருகி உறைந்த உலோகம் வரப்பு கட்டி நிற்கிறது. நகத்தால் தடவினால் நெருடும். எங்களுக்கு இது பழகிய விஷயம், பார்ட் நம்பர் என்றால் கவலையில்லை. எலும்புக்குள் முறுக்கி ஏற்றும் ஸ்க்ரூவில் அப்படி உறைந்த துணுக்கு இருந்து, ஏறும்போது உதிர்ந்தால்? பள்ளம் ஆழமானால் அங்கிருந்து விரிசல் தொடங்கி ஸ்க்ரூ களைத்து உடையும் ஆபத்தும் உண்டு. ஆராய்ச்சிகளில் மிக மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் ஃபெம்டோசெகண்ட் லேசரை நாடுவது இதனால்தான். துடிப்பு அவ்வளவு குறுகியதாக இருப்பதால் சூடு பக்கத்தில் பரவுவதற்குள் உலோகம் ஆவியாகிப் போய்விடும், உருகல் மிகக் குறைவு. மெஷின் விலைதான் எட்டாது.

(வீட்டில் சின்ன மெஷின் வைத்திருப்பவர்கள் இதை முயலப்போவதாக இருந்தால், டைட்டானியத் தூசி தீப்பிடிக்கக் கூடியது. எக்ஸாஸ்ட் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் வேண்டாம்.)

அப்புறம் ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தேய்த்த பாதியில் சொட்டு உருண்டையாக நின்றது. லேசர் போட்ட பாதியில் விழுந்த கணமே படர்ந்து, வரிகளுக்குள் ஓடி, ஈரம் மட்டும் தெரிந்தது. ரத்தம் பரப்பை முதலில் நனைத்தால்தான் அதன் புரதங்கள் படிந்து, அதன் மேல் செல்கள் வந்து அமரும். அதனால் இம்ப்ளான்ட் செய்கிறவர்கள் இந்த நனைதலை மிகவும் மதிக்கிறார்கள். துண்டை ரேக்கில் திறந்தபடியே வைத்துவிட்டேன். சில வாரம் கழித்து அதே இடத்தில் சொட்டு விட்டால், லேசர் போட்ட பாதியிலும் உருண்டு நிற்கிறது! பட்டறைக் காற்றில் இருக்கும் எண்ணெய், கரிம ஆவி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிடுகிறது. நல்ல காற்றிலும் இது மெதுவாக நடக்கும். சில கம்பெனிகள் இம்ப்ளான்டை உப்புக் கரைசலிலேயே மூழ்கடித்து அடைத்து விற்பது இதற்காகத்தான்.

இதிலிருந்து நோயாளிக்குக் கிடைக்கும் உருப்படியான பாடம்: பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பிரித்த ஸ்க்ரூ டிரேயில் காத்துக்கிடக்காமல், கையுறை விரலோ துணியோ படாமல், அது அடைத்து வந்த குழாயிலிருந்து நேரே எலும்புக்குப் போக வேண்டும். எவ்வளவு உசத்தியான பரப்பானாலும் இந்த ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட முடியும்.

கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். காரிமங்கலத்திலிருந்து அம்மாவே பஸ் ஏறி வந்துவிடலாம், ஓசூரிலிருந்து நானும் ஹைவேயில் வந்து சேரலாம். இதையும் ஒரு காரணமாகவே சொல்கிறேன். இம்ப்ளான்ட் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, வருஷக்கணக்கில் போய்வர வேண்டிய இடம் அது.

அவரிடமும் லேசர் பரப்பு பற்றிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “சார், நீங்க ஸ்க்ரூவைப் பத்தியே கேக்கறீங்க. நான் முதல்ல அம்மாவைப் பத்திக் கேக்கணும்” என்றார். சர்க்கரை இருக்கிறதா, மூன்று மாதச் சராசரி எவ்வளவு? வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா? எலும்புத் தேய்மானத்துக்கு வருஷம் ஒருமுறை போடும் ஊசி ஏதாவது போட்டிருக்கிறாரா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அம்மா, “எனக்கு இல்லீங்க டாக்டரம்மா, என் தங்கச்சிக்குத்தான் போட்டாங்க” என்றார். அந்த வகை மருந்து எடுத்தவர்களுக்குத் தாடையில் கத்தி வைத்தால் சில சமயம் எலும்பு ஆறாமல் அழுகிவிடும், அதனால் சித்தி பல் பிடுங்கப் போனால்கூட முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்றார். சித்திக்கு அன்று மாலையே போன் போட்டுச் சொன்னோம். அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மேற்பரப்பு பற்றி அவர் சொன்னதும் நேர்மையாக இருந்தது. வழவழப்பான பரப்போடு ஒப்பிட்டால் லேசர் பரப்பைத் திருகி எடுக்கக் கூடுதல் விசை வேண்டியிருக்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் இன்று வழவழப்பான ஸ்க்ரூவை விற்பவர்கள் மிகக் குறைவு. மணல், ஆசிட் பரப்புக்கு மனிதர்களிடம் நீண்டகாலப் பதிவு இருக்கிறது. அம்மாவுக்குக் கீழ்த்தாடை, எலும்பு அடர்த்தி நன்றாக இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இவருக்கு லேசர் கழுத்துக்காகக் கூடுதல் பணம் தேவையில்லை. ஈறு மெலிந்து, முன்பல்லாக இருந்திருந்தால் நானே யோசித்திருப்பேன் என்றார். நாங்கள் மணல், ஆசிட் வகையையே எடுத்தோம். லேசர்காரன் லேசர் வாங்கவில்லை என்று கடையில் இன்னமும் கிண்டல் செய்கிறார்கள்.

வைத்த அன்று நான் உள்ளே நிற்க அனுமதித்தார். எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்தான். நம் ட்ரில்லிங் மெஷினில் கூலன்ட் ஊற்றுவதைப் போலவே எலும்பில் ட்ரில் இறங்கும்போது குளிர்ந்த உப்புக் கரைசல் பாய்ந்துகொண்டே இருந்தது. ட்ரில்லும் மெதுவாகத்தான் சுற்றியது, நடுநடுவே வெளியே எடுத்து எடுத்து இறக்கினார். எலும்பு 47 டிகிரி சூட்டை ஒரு நிமிஷம் தாங்கினாலே செத்துப்போகத் தொடங்கும் என்பது 1980களிலேயே கண்டறியப்பட்ட விஷயம். செத்த எலும்பில் எந்தப் பரப்பு இருந்தும் பயனில்லை. மழுங்கிய ட்ரில், அவசரக் கை, நின்றுபோன தண்ணீர் இவற்றை எந்த லேசரும் சரிசெய்யாது.

ஸ்க்ரூ இறங்கியதும் அதன் தலையில் ஒரு சின்ன முளையைப் பொருத்தி, தொடாமல் ஒரு கருவியைக் கிட்டே காட்டினார். திரையில் 70க்கு மேல் ஒரு எண் வந்தது. 100க்கு எவ்வளவு உறுதி என்று காட்டும் அளவு அது, 70க்கு மேல் இருந்தால் நல்ல பிடி. சில வாரம் கழித்து மறுபடி அளந்தபோது எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்குப் பகீர் என்றது. அவர் அசரவில்லை. முதலில் இருப்பது மரை எலும்பைக் கவ்வும் பிடி, அந்தப் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளர்ந்து ஒட்டுவதற்கு நடுவில் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை உறுதியில் ஒரு பள்ளம் வரும், அப்புறம் ஏறும் என்றார். ஏறவும் செய்தது. நல்ல மேற்பரப்பு செய்வதெல்லாம் இந்தப் பள்ளத்தின் ஆழத்தையும் நீளத்தையும் குறைப்பதுதான். வலி இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது என்று இரண்டாம் வாரத்திலேயே அந்தப் பக்கம் கடலை மெல்கிறவர்கள் சரியாக இந்தப் பள்ளத்தில்தான் ஸ்க்ரூவை ஆட்டிவிடுகிறார்கள். அம்மாவைத் தடுக்க என் தங்கை வீட்டில் வேர்க்கடலை டப்பாவையே ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அம்மா பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம். பல்லில் பழுப்பு வரி உண்டு, அந்த வயதில் அந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை? பாறையில் இருந்து ஃப்ளோரைடு இறங்கிய போர் தண்ணீரைக் குழந்தையிலிருந்து குடித்தவர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டு வரம்பு. இங்கே பல கிராமத்துப் போர்களில் அதற்கு மேல் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஃப்ளோரைடு டைட்டானியத்தை அரிக்குமாமே என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அரிக்கும், ஆனால் அமிலத்தோடு சேர்ந்தால். நாம் குடிக்கும் தண்ணீரும் சாதாரணப் பேஸ்ட்டும் அந்த அளவுக்கு இல்லை. பல் சொத்தைக்காகக் கிளினிக்கில் பூசும் புளிப்பான ஃப்ளோரைடு ஜெல் இருக்கிறதே, அதை இம்ப்ளான்ட் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. எலும்பில் ஃப்ளோரைடு அதிகம் சேர்ந்தவர்களுக்கு எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் நொறுங்கும் தன்மை கூடியிருக்கும். மூட்டு, முதுகு விறைப்பு இருக்கிறவர்கள் ஸ்கேன் எடுக்கும்போதே எந்த ஊர்த் தண்ணீர் குடித்தோம் என்று சொல்லிவிடுவது நல்லது.

மேலே போடும் பல்லுக்கு நிறம் பார்க்கும்போது டாக்டர் நிற மாதிரிகளில் வெள்ளையானதைக் காட்டினார். “பளபளன்னு வெள்ளையா வெச்சா வாடகைப் பல்லுன்னு தெரிஞ்சிடும் கண்ணு, என் பல்லு மாதிரியே வைக்கச் சொல்லு” என்று என்னிடம் கிசுகிசுத்தார் அம்மா. கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்! ஆனாலும் லேபில் சொல்லி மங்கலான மஞ்சளில் செய்து வாங்கினோம்.

வைத்த பிறகு லேசர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இம்ப்ளான்டைச் சுற்றி ஈறு வீங்கினால் லேசரால் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. 2940 நானோமீட்டர் எர்பியம் லேசரின் சக்தியைத் தண்ணீரே உறிஞ்சிக்கொள்ளும், அளவாகப் பயன்படுத்தினால் டைட்டானியத்துக்குப் பெரிதாகச் சேதமில்லை. 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் வேறு கதை. எங்கள் மெஷினின் அலைநீளமே அதுதான், அது டைட்டானியத்தை என்ன செய்யும் என்று ரேக்கில் கிடக்கும் அந்தத் துண்டைப் பார்த்தால் தெரியும். தொழிற்சாலையில் கணக்குப் போட்டுப் பரப்பைச் செதுக்கும் அதே கதிர், வாய்க்குள் கை போன போக்கில் ஓடினால் பரப்பை உருக்கிவிடும். எந்த லேசர் என்று கேட்காமல் வாயைத் திறக்க வேண்டாம். பல் சுத்தம் செய்யும் சாதாரண இரும்பு முனை ஸ்கேலரும் கீறும். இம்ப்ளான்ட் இருக்கிறது என்று சொன்னால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் அல்லது டைட்டானிய முனையை எடுப்பார்கள்.

அப்புறம் அந்த அட்டை. இம்ப்ளான்ட் பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் வரும்: கம்பெனி பெயர், மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர். அதை ஒரு அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும், மேல் பல்லை இம்ப்ளான்டோடு இணைக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலையும் அதைத் திருகும் டிரைவரும் வேறு. பத்து வருஷம் கழித்து அந்தச் சின்ன ஸ்க்ரூ லூஸானால், எந்த மாடல் என்று தெரியாமல் எக்ஸ்ரேயை வைத்து ஊகிக்க வேண்டிவரும். அம்மாவின் அட்டை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் இருக்கிறது. அதன் போட்டோ என் போனிலும் தங்கையின் போனிலும் இருக்கிறது.